முதுகில் கிளிப் இல்லாத கவுன்

பெரிய காஞ்சிபுரம்
28 ஜூன் 2024

அன்புள்ள அகிலா,

என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாய். தபால்காரரை ப்ளாக் செய்ய உன் போனில் வழி இல்லை என்பதால், இருபது வருஷத்துக்குப் பிறகு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் கையெழுத்து ஞாபகம் இருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பில் உன் ரெக்கார்டு நோட்டை எழுதிக் கொடுத்த அதே கைதான். ஜாக்கெட் அளவு குறித்துக் குறித்து இப்போது எண்கள் மட்டும் அழகாக வருகின்றன.

நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. என் கண்காட்சிக்காகப் போடியிலிருந்து பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்தாய். உன் ஆபீஸ் ஜோதிகாவையும் கூட்டிக்கொண்டு வந்தாய். மண்டபத்தில் பொம்மைகள் மேல் வரிசையாகப் பன்னிரண்டு கவுன் நின்றது. நீ மற்ற பதினொன்றையும் பார்க்காமல் நேராக உன்னுடையதற்கு முன்னால் போய் நின்றாய். நான் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காகத்தான் நான்கு மாதம் தைத்தேன்.

பத்தாம் வகுப்பில், ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாடத்தில், ஒரு சீமாட்டியின் படம் இருந்தது. "எனக்கு இந்த மாதிரி ஒண்ணு தெச்சுக் குடுடி" என்று நீ கேட்டாய். அப்போது எனக்கு ஹூக் வைக்கக்கூடத் தெரியாது. அந்த ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டுதான், இன்றைக்கு ஜாக்கெட் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய பாணிக் கவுன்களைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு, மண்டபத்தில், நீ கவுனின் பின்பக்கம் போனாய். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. ஜோதிகாவைக் கூட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாய்.

நான் என்ன செய்தேன் என்று எழுது. திட்டியாவது எழுது. கவுன் கடையிலேயே இருக்கிறது.

சித்தாரா

பி.கு: கலீம் உன்னை விசாரித்தார். என் வீட்டுக்காரர் யாரையும் விசாரிக்கிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும்.


போடிநாயக்கனூர்
9 ஜூலை 2024

சித்தாரா,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்துக்கொள்.

நான் நில அளவர். எதையும் ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகப் போய்த்தான் பழக்கம். அப்படியே சொல்கிறேன்.

முன்பக்கம். மயில்கழுத்து நிறப் பட்டு, என் தம்பி உமாபதி நெய்தது. எங்கள் வீட்டுத் தறிப் புடவைகளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கொசுவத்தில் அந்த ஜரிகை பாதி ஒளிந்துகொள்ளும். நீ மேலே குறுகிக் கீழே அகலும் பதினாறு கலித் துண்டு வைத்துப் பாவாடையை விரித்திருந்தாய். கரை முழுவதும் ஒரு இடம் விடாமல் தரையைச் சுற்றி வந்தது. கைகளைத் தனியாகத் தைத்துத் தோளில் நாடாவால் கட்டியிருந்தாய். கைகளில் விட்டிருந்த கீறல்கள் வழியே உள்ளிருந்த வெள்ளை மல் துணி உப்பிக்கொண்டு வெளியே வந்தது. மேல்பாகத்துக்குள் மூங்கில் சீவல் கோத்து நிமிர்த்தியிருந்தாய். இந்த உடம்புக்கு இப்படி ஒன்றைத் தைக்கலாம் என்று ஒருத்தி நினைத்திருக்கிறாளே என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போது ஜோதிகா, "மேடம், ஒங்களுக்குத் தச்சதுன்னு சொன்னீக, இம்புட்டு ஒடுக்கமா இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்குக் கள்ளம் தெரியாது. கண்ணில் பட்டதைக் கேட்டாள்.

துணியைக் கையில் எடுத்தால் எங்கள் வீட்டில் முதலில் திருப்பித்தான் பார்ப்போம். நெசவு பின்பக்கத்தில் பொய் சொல்லாது என்பார் அப்பா. சுற்றிப் போய்ப் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை இருபத்திரண்டு கிளிப். மாடியில் துணி காயப்போடுகிற நீலநிறப் பிளாஸ்டிக் கிளிப். ஒரு முழத் துணியைக் கொத்தாகப் பிடித்து, முறுக்கி, கவ்வ வைத்திருந்தாய். அந்த ஒரு முழம் நான்தான் சித்தாரா. துணிக்கடை பொம்மையின் இடுப்புக்கு என்னைக் கொண்டுபோவதற்காக, மிச்சமிருந்த என்னை முதுகுப் பக்கம் ஒளித்து வைத்திருக்கிறாய்.

கல்யாண வீட்டு போட்டோவில் "நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்று யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டே ஓரமாகப் போவேன். நீயும் சொல்வாய் என்று நினைக்கவில்லை.

கவுன் வேண்டாம். உன் அளவு நோட்டில் என் பெயர் உள்ள பக்கத்தைக் கிழித்து அனுப்பு. இனிமேல் என் அளவு உன்னிடம் இருக்க வேண்டாம்.

அகிலா


பெரிய காஞ்சிபுரம்
22 ஜூலை 2024

அன்புள்ள அகிலா,

நீ போடாவிட்டாலும் நான் போடுவேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வாடகைக்கு எடுத்த பொம்மைகள். பன்னிரண்டும் ஒரே அச்சு, ஒரே இடுப்பு, இருபத்தாறு இன்ச். ஊரில் எந்தத் துணிக்கடையிலும் பின்னால் கிளிப் போட்டுத்தான் மாட்டுகிறார்கள். இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைத்தேன். "அவளுக்கு வாய் நீளம்" என்று கலீமிடம்கூடச் சொன்னேன். அவர், "கிளிப்பு போடறப்ப உனக்கு ஒண்ணும் தோணலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் மரக்கடைசல் பட்டறைக்குப் போய்விட்டார்.

தோன்றவில்லை அகிலா. அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான்கு மாதம் ஒவ்வொரு பெண்ணின் உடம்புக்கும் அரை இன்ச் கால் இன்ச்சாகப் பார்த்துப் பார்த்து வெட்டியவள், கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்காக அத்தனையையும் கவ்விவிட்டேன்.

மறுநாள் ஜெயம்மாள் வந்தாள். தென்னேரியிலிருந்து கோயில் வாசலுக்குத் தாமரை கொண்டுவருகிறவள், உன்னைவிடப் பெரிய உடம்பு. அவள் கவுனும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. "அன்னிக்குக் கண்காட்சியில எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்தது. யாரோ போட்டுக்கினு நிக்கற மாதிரி இருந்துது, அவ்ளோதான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீ எழுதியிராவிட்டால் நானும் கூடச் சிரித்திருப்பேன்.

மன்னித்துவிடு. இதை நேரில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். எழுத்தில் கொஞ்சம் தைரியமாக வருகிறது.

உன் கவுனைப் பிரித்துவிட்டேன். கிளிப் கடித்த இடத்தில் ஜரிகை நசுங்கியிருக்கிறது. பின்பக்கத்துக்குப் புதிதாகத் துணி வேண்டும். நீ கேட்ட பக்கம் இதனுடன் இருக்கிறது. கிழிக்கக் கை வரவில்லை, பிளேடால் வெட்டி எடுத்தேன்.

ஜனவரியில் திரும்பவும் கண்காட்சி வைக்கப்போகிறேன். வாடகை பொம்மை இல்லை. ஒவ்வொருத்திக்கும் அவளுடைய உடம்பாகவே ஒரு பொம்மை செய்கிறேன். பழைய டீ-ஷர்ட் ஒன்றைப் போட்டு நிற்கச் சொல்லி, அதன் மேல் பார்சல் காகித டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, காய்ந்ததும் முதுகில் வெட்டிக் கழற்றி, உள்ளே பஞ்சு அடைத்துவிட்டால் அவளே நிற்பாள். ஜெயம்மாள் முடிந்தது. நாலரை அடி உயரமுள்ள பாங்க் கலைவாணி முடிந்தது. டேப் ஒட்டும்போது ஒருத்தியாவது வயிற்றை உள்ளே இழுக்காமல் நிற்பாள் என்று பார்க்கிறேன், இல்லை. "மூச்சு விடுமா" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் மூச்சை விட்ட பிறகு பார்க்க வேண்டும் அகிலா. தோள் இறங்கி, வயிறு தன் இடத்துக்கு வந்து, அப்படி ஒரு நிறைவாக நிற்கிறார்கள். அந்தப் பழைய படங்களில் இருக்கிற பெண்களும் மூச்சு விட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். யாரும் ஒல்லி இல்லை.

நடு இடத்தை உனக்கு வைத்திருக்கிறேன். அங்கே உன் கவுன் நிற்காவிட்டால் கண்காட்சி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பதின்மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்து எழுதி அனுப்பு. எங்கெங்கே என்று இந்தத் தாளின் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன்.

சித்தாரா


போடிநாயக்கனூர்
20 ஆகஸ்ட் 2024

சித்தாரா,

பக்கம் வந்தது. மன்னிப்பும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

இங்கே மேல்மலையில் ஏலக்காய்த் தோட்டங்களை மறுஅளவை செய்துகொண்டிருக்கிறோம். டேப் பிடித்து அளந்துகொள்ள நேரம் இல்லை. அளவு ஜாக்கெட் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஊரில் எல்லாரும் அதைத்தானே கொடுக்கிறார்கள். அதை வைத்துத் தைத்துக்கொள்.

நான் வரமாட்டேன். என் பெயரையும் எங்கும் எழுதாதே.

அகிலா


பெரிய காஞ்சிபுரம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள சர்வேயர் அம்மாவுக்கு,

நீ அனுப்பிய அளவு ஜாக்கெட், 2011-இல் உன் தம்பி கல்யாணத்துக்கு நானே தைத்தது. என் தையலை எனக்கே அனுப்பி என்னையே ஏமாற்றப் பார்க்கிறாய். இரண்டாவது ஹூக் கொஞ்சம் கோணலாக இருக்கும், பார். அன்றைக்கு மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் உன்னை நிற்க வைத்துத் தைத்தது.

எல்லாரும் இதைச் செய்கிறார்கள். என் கடைக்கு வரும் அளவு ஜாக்கெட்டுகளில் பாதி, போன ஜென்மத்தில் போட்டவை. "இதே அளவுதான்மா" என்பார்கள். நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு, அவர்கள் படி இறங்கும்போது பின்னாலிருந்து கண்ணாலேயே அளந்து, இரண்டு இன்ச் கூட்டி வெட்டி, உள்ளேயும் தாராளமாகத் துணி விட்டுத் தைப்பேன். தைத்து வாங்கியதும், "பாத்தியா, பழைய அளவே சரியா இருக்குது" என்று சந்தோஷமாகப் போவார்கள். இது தையல்காரிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலுள்ள மரியாதை. கெடுக்கக் கூடாது.

உனக்கும் அப்படியே செய்துவிடலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஜூன் மாதம் நீ கோபமாகப் படி இறங்கினாய் அல்லவா, அப்போதே அளந்துவிட்டேன். நீ போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கண் தன் பாட்டுக்கு அளவெடுக்கிறது. என்ன செய்ய, பழக்கம். நோட்டில் பக்கம் இல்லையே தவிர, நீ என்னிடம் இருக்கிறாய்.

ஆனால் அந்தக் கண் அளவை வைத்து வெட்ட மாட்டேன். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் ஒளித்தேன். இன்னொரு தடவை உன்னைக் கேட்காமல் காட்ட மாட்டேன். நீ உன் கையால் எழுதித் தர வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். மாவட்டத்து நிலத்தையெல்லாம் அளக்கிறாய். ஒரு விவசாயியின் நிலத்தை இந்த ஜாக்கெட்டைப் போல ஆறு இன்ச் குறைத்து எழுதினால் உன்னை வேலையில் வைத்திருப்பார்களா?

உன் பெயர் எங்கும் இருக்காது. சத்தியம்.

சித்தாரா

பி.கு: ஜாக்கெட்டோடு நீ வைத்து அனுப்பிய ஏலக்காய் வந்தது. கலீம் தேநீரில் போட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் உன்னை விசாரித்தார்.


போடிநாயக்கனூர்
6 அக்டோபர் 2024

சித்தாரா,

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் கொதித்தேன். இரண்டாவது வாரம் சிரிப்பு வந்தது. மூன்றாவது வாரம் ஜோதிகாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நீ வெட்டி அனுப்பிய பக்கத்தைத் தினமும் எடுத்துப் பார்த்தேன். போன தீபாவளிக்கு நீ அளந்தது. என் உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு 'ஐயோ' இருக்கும், இல்லையென்றால் ஒரு யோசனை இருக்கும். டாக்டரிலிருந்து டிரைவர்வரை. உன் பக்கத்தில் வெறும் எண்கள் இருந்தன. ஓரத்தில் "கழுத்து அழகு, சதுரமாக இறக்கலாம்" என்று சின்னதாக எழுதியிருந்தாய். எனக்குக் காட்டுவதற்காக எழுதியது இல்லை அது. உனக்காக நீயே குறித்து வைத்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அந்த எண்களை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவை இப்போது பழசாகிவிட்டன. தைராய்டு மாத்திரை மாற்றினார்கள். புது அளவு தனித்தாளில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த முறையில்தான் எனக்கு எழுத வரும், அதனால் நிலத்துக்கு வரைகிற புலப்படமாகவே வரைந்துவிட்டேன். தலைப்பக்கம் வடக்கு. நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் பதின்மூன்று அளவுகள். இடுப்பு நாற்பத்து நான்கு. போன தீபாவளியைவிட இரண்டு கூடுதல். இரண்டு தடவை அளந்தேன், குறைத்து எழுதவில்லை. இடது தோள் வலதைவிட அரை இன்ச் இறக்கம். காரணம், பதினேழு வருஷமாக அந்தப் பக்கம் டிரைபாட் சுமந்தது. கீழே "அளந்தவர் அகிலா, டேப் பிடித்தவர் ஜோதிகா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அளந்து முடித்ததும் ஜோதிகா, "மேடம், எல்லைக்கல் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

தைத்துக்கொள். நான் வரமாட்டேன், அதில் மாற்றம் இல்லை. மண்டபத்தில் அந்தக் கவுனைப் பார்த்து யாராவது "யாருக்குடி இது, இவ்ளோ பெருசா" என்று சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்க முடியாது. அவ்வளவு தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. உமாபதியிடமும் சொல்லாதே.

அன்புடன்
அகிலா


பெரிய காஞ்சிபுரம்
24 ஜனவரி 2025

அன்புள்ள அகிலா,

மூன்று மாதம் எழுதவில்லை. உன் புலப்படத்தைக் கடையில் தையல் மெஷினுக்கு எதிரே ஒட்டி வைத்து, டேப் சுற்ற நீ இல்லாததால் அந்த அளவுகளுக்கே பஞ்சு அடைத்து உன் பொம்மையைச் செய்து, கவுனையும் தைத்தேன். இவ்வளவு சுத்தமான அளவு என் வாழ்நாளில் யாரும் தந்ததில்லை. பின்பக்கத்துக்கு உமாபதியிடம் அதே மயில்கழுத்தில் இன்னும் நான்கு கெஜம் நெய்து வாங்கினேன். யாருக்கு என்று சொல்லவில்லை. பின்னால் ஹூக் இல்லை, கிளிப் இல்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை துளைகள் போட்டுப் பட்டுக் கயிறு கோத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் தைத்திருக்கிறார்கள். நாளைக்கு நீ இரண்டு இன்ச் கூடினாலும் குறைந்தாலும் கயிற்றைத் தளர்த்தலாம், இழுக்கலாம். கவுனுக்கு அதில் வருத்தம் இல்லை.

கண்காட்சி நேற்று முன்தினம் தொடங்கியது. கவுன்களை மண்டபத்தின் நடுவில் நிறுத்தி, வாசலுக்கு முதுகு தெரியும்படி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். நெசவுக்காரர் வீட்டுப் பழக்கம், உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. கலீம் ஒவ்வொரு பொம்மைக்கும் மரத்தில் தலை கடைந்து கொடுத்தார், அதன்மேல் வலைத்துணி முக்காடு. ஒவ்வொன்றின் காலடியிலும் அவரவர் பெயர் எழுதிய அட்டை. ஜெயம்மாள் தன் அட்டையில் பெயருக்குக் கீழே இடுப்பளவையும் எழுதச் சொல்லிவிட்டாள். "எழுதுமா, யாரு ஊட்டுதை திருடிக்கினு வந்தேன்" என்கிறாள். கலைவாணி பாங்க்கிலிருந்து மேனேஜரையே கூட்டிவந்து தன் பொம்மைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டும் ஒரே உயரம்தானா என்று பார்க்கச் சொன்னாள். உன் அட்டை மட்டும் வெறுமையாக இருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம். உமாபதி வந்தான், தான் நெய்த துணி என்ன ஆனது என்று பார்க்க. நான் ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தவன் அப்படியே நின்றான். பிறகு நேராக நடு இடத்துக்குப் போய், பொம்மையின் முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான்.

"அக்கா, எப்ப வந்த? ஊட்டுக்கு வராம நேரா இங்க வந்து நிக்கற. ஒரு போன் பண்ணக் கூடாதா?"

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவனுக்குப் பதில் வரவில்லை. கோபமாக இருக்கிறாய் என்று நினைத்திருப்பான் போல. குரலை இறக்கி, "சரி, வா, சாப்டுட்டு வரலாம்" என்று தோளைத் தொட்டான். தொட்டதும் கையை எடுத்துவிட்டான். முன்னால் போய் மரத்தலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். நான் எதுவும் சொல்லவில்லை அகிலா, சத்தியத்தை மீறவில்லை. உன் முதுகு சொல்லிவிட்டது.

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுற்றிச் சுற்றி நான்கு தடவை வந்தான். பிறகு, "எடது தோளு கூட எறங்கியிருக்குது பாரு" என்றான். இன்னொரு சுற்று வந்து, "எங்க அக்கா இவ்ளோ கம்பீரமா இருக்கறான்னு நான் இத்தினி நாளா பாத்ததே இல்லியே சித்தாரா" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தறிக்குப் போகாமல், சாயந்திரம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், "இது நான் நெய்ஞ்சது" என்று சொன்னான். யாருக்கு என்று கேட்டவர்களிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெறும் அட்டையைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

நீ பயந்த கேள்வி வந்தது. ஒரு அம்மா, உன் உடல்வாகு, பெண்ணோடு வந்தார். கவுனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "யாருக்கும்மா இது?" என்றார். நீ எழுதின மாதிரி இல்லை. தனக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்கிற குரல். "என் சிநேகிதிக்கு" என்றேன்.

பிப்ரவரி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள்.

சித்தாரா


போடிநாயக்கனூர்
28 ஜனவரி 2025

அன்புள்ள சித்தாரா,

நம்பரை ப்ளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இருந்தாலும் ஸ்பீட் போஸ்டில்தான் எழுதுகிறேன். சில விஷயங்களைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய்.

உமாபதி பேசிய இடத்தை ஜோதிகாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை என்னால் படிக்க முடியவில்லை, அவள் வாங்கிப் படித்தாள்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு காலை காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். உமாபதியை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன், அவன் கூப்பிட்டதற்காக. பிறகு மண்டபம்.

இரண்டு வேலை செய்து வை. அட்டையில் என் பெயரை எழுது. கீழே இடுப்பு நாற்பத்து நான்கு என்று எழுது. ஜெயம்மாள் ஒருத்தி மட்டும் எழுதி வைத்திருப்பது நன்றாக இல்லை.

இன்னொன்று. நான் வருவதற்கு முன்னால் கவுனைக் கழற்றிவிட்டு அந்தப் பொம்மையை ஓரமாக வைத்துவிடு. கயிறு கட்ட உன் கை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் நான் நிற்கிறேன்.

அகிலா